ஆறாவது வரி

எங்கள் பக்கத்தில் தேர்தலைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்கள். வராவிட்டால் நான் போவேன். எழுபத்தெட்டில் இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பு வந்த நாளிலிருந்து எனக்கு இந்த வியாதி. நான் கல்முனையில் கணிதம் படிப்பித்த வாத்தியார். தொகுதிக்கு ஒருவர் என்ற பழைய முறை போய் விகிதாசாரம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், இனிமேல் நாட்டைக் கணக்குத்தான் ஆளப்போகிறது என்று தலைகால் தெரியாமல் சந்தோஷப்பட்டேன். ஒரு வோட்டும் வீண்போகாது என்பது அந்தக் காலத்தில் நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்த வசனம்.

எண்பத்திரண்டில் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் வந்தது. விரும்பிய ஆளுக்கு ஒன்று என்று இலக்கம் போட வேண்டும். வேண்டுமானால் இன்னொருவருக்கு இரண்டு, வேறொருவருக்கு மூன்று என்றும் போடலாம். இதை விளக்குவதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம் நிந்தவூர்ச் சந்தியில் இருந்த சலூன். அங்கே ஆட்கள் எழும்பி ஓட முடியாது. கழுத்தில் துணி கட்டியிருப்பார்கள், தாடையில் கத்தி இருக்கும்.

"அப்ப சேர், முதலாவது ஆள் இரிக்கக்குள்ளயே ரெண்டாவது ஆளையும் விருப்பம் எண்டு எழுதலாமா?" என்று சலூன்காரர் கேட்டார்.

"ஓம், எழுதலாம். சட்டம் இடம் தருது."

"முதலாவது ஆளுக்குக் கோபம் வராதா?"

பாதி முகம் மழித்தபடி இருந்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அத வீட்டில கேட்டுப் பாருங்க சேர்" என்றார். சலூனே சிரித்தது. அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டிருந்தது. "ரெண்டாவது விருப்பம் எண்டு சந்தியில நிண்டு படிப்பிக்கிறீங்களாம்" என்று மனைவி தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே எனக்கு விளங்கியது.

எங்கள் கரையோரத்தில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் போக வேண்டும். வீடு பெண்ணுடையது. நான் அதற்கு முந்திய வருடம் சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூருக்கு ஒரு சூட்கேசும் ஒரு சைக்கிளும் அரசியலமைப்புப் புத்தகமும் கொண்டு போய்ச் சேர்ந்தேன். போன இடத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. மாமி என் முன்னால் வரமாட்டார். கதவுச் சேலைக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பார். முதல் எட்டு மாதத்தில் நான் அவருடைய வலது கையை மட்டும்தான் ஒழுங்காகப் பார்த்திருந்தேன். மீனாணத்தில் நல்ல துண்டு எனக்குத்தான் வரும். நான் சாப்பிட்டு எழும்பும்வரை வேறு யாருக்கும் சோறு போடப்படாது. மாமாவும் அதே வீட்டுக்கு ஒரு காலத்தில் மாப்பிள்ளையாக வந்தவர்தான். அவருடைய பதவிக்காலம் முடிந்துவிட்டதால் பெரும்பாலும் இறக்காமத்து வயல் வாடியிலேயே தங்கியிருந்தார்.

தேர்தலுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது எனக்குத் தேர்தல் கடமைக் கடிதம் வந்தது. இறக்காமத்துப் பக்கம் ஒரு பாடசாலையில் வாக்கெடுப்பு உத்தியோகத்தர். கடமைக்குப் போகிறவர்கள் தங்கள் வோட்டைத் தபாலில் போடலாம். அதற்கு ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும், அதில் வாக்காளர் இடாப்பில் உள்ள உங்கள் தொடரிலக்கத்தை எழுத வேண்டும். இதில் என்ன கஷ்டம்? நிந்தவூர்த் தபால் கந்தோரில் தொங்கிக்கொண்டிருந்த இடாப்பு எனக்கு வீட்டுப் பாடம் மாதிரி. பார்வைக்கு வைத்த முதல் நாளே போய், எங்கள் தெருவில் விடுபட்டுப்போன மூன்று பேரைக் கண்டுபிடித்து, மனு எழுதிச் சேர்ப்பித்தவன் நான். மௌத்தான இருவரை நீக்குவித்தவனும் நான்தான்.

எங்கள் வீட்டிலக்கத்துக்கு நேரே ஐந்து பெயர்கள் இருந்தன. மாமா, மாமி, மனைவியின் இரண்டு அண்ணன்மார், மனைவி. மேலே பார்த்தேன், அடுத்த வீடு. கீழே பார்த்தேன், அதற்கடுத்த வீடு. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். தெரு முழுக்கத் தேடினேன். எல்லோரும் இருந்தார்கள். தெருவில் யார் யார் விடுபட்டார்கள் என்று தேடிய என் கண்ணுக்கு நானே விடுபட்டிருக்கலாம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய ஆள் நான்.

சரி, சாய்ந்தமருதில் உம்மா வீட்டில் இருக்கும் என்று சைக்கிளை எடுத்தேன். காரைதீவு தாண்டும்வரை நம்பிக்கையாகத்தான் மிதித்தேன். அங்குள்ள தபால் கந்தோரில் உம்மா வீட்டிலக்கத்துக்கு நேரே வாப்பா இருந்தார், உம்மா இருந்தார், தங்கச்சி இருந்தாள். நான் இல்லை. நேரே உம்மாவிடம் போனேன்.

"என்ட பேரை வெட்டின யாரு?"

"நான்தான் வெட்டச் சொன்னன்" என்றார் உம்மா, முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே. "மாப்பிள்ளையா அனுப்பின புள்ளைட பேரை இஞ்ச வெச்சிக்கிட்டிரிந்தா சம்பந்தி வீட்டுக்காரர் என்ன நினைப்பாங்க? மகனை விட மனமில்லாம பிடிச்சி வெச்சிரிக்கா எண்டு கதைக்க மாட்டாங்களா? அங்க எழுதுவாங்க எண்டு விதானையாருக்கிட்டச் சொன்னன்."

"அங்க எழுதல்லயே!"

"எழுதாம விடுவாங்களா? ஒழுங்காப் பாத்தியா நீ?"

கணித வாத்தியாரிடம் கேட்கும் கேள்வியா இது! அதே வேகத்தில் நிந்தவூருக்குத் திரும்பி மிதித்தேன். வந்து சேர்ந்தபோது சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. கதவுச் சேலையைப் பார்த்துக் கேட்டேன், எவ்வளவு மரியாதையாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மரியாதையாக. போன வருடம் வாக்காளர் இடாப்புக்கான குடியிருப்பாளர் படிவம் வந்தபோது என் பெயரை ஏன் எழுதவில்லை?

சேலைக்குப் பின்னாலிருந்து எல்லாம் வெளியே வந்தது. எங்கள் பகுதிக் கிராம உத்தியோகத்தரான விதானையார் படிவத்தைக் கொண்டுவந்து, தானே எழுதத் தொடங்கியிருக்கிறார். முதல் வரியில் பிரதான குடியிருப்பாளர் என்று மாமாவின் பெயர். அடுத்து மாமி. அடுத்து மச்சான்மார் இருவர். ஐந்தாவது என் மனைவி. ஆறாவது வரிக்குப் பேனை போனபோதுதான் மாமி தடுத்திருக்கிறார்.

"மருமகனை எல்லாருக்கும் அடியில எழுதுறதா? எங்கட புள்ளைக்கும் கீழயா? அது சரியில்ல எண்டு சொன்னன்."

மேலே கீழே எழுதுவதில் ஒன்றுமில்லை, எல்லா வோட்டும் ஒன்றுதான் என்று விதானையார் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் மேலே எழுதுங்கள் என்றிருக்கிறார் மாமி. மையால் எழுதியாகிவிட்டது, முடியாது. அப்படியென்றால் மருமகனுக்கென்று புதிதாக ஒரு கடதாசி தாருங்கள். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் என்றிருக்கிறார் அவர்.

"அப்ப அவர் வரட்டும், வந்து அவர்ட கையாலயே எழுதட்டும் எண்டன். விதானையார் அசர்த் தொழுகை வரைக்கும் பாத்துக்கிட்டு இரிந்தார். நீங்க வரல்ல. கையொப்பத்த வாங்கிக்கிட்டுப் போயிட்டார்."

"நான் அண்டைக்கு எங்க போனன்?"

மனைவி அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள். "முன்வீட்டில இரிந்தீங்க. அவங்கட படிவத்த நிரப்பிக்கிட்டு."

உம்மா மரியாதைக்காக வெட்டினார். மாமி மரியாதைக்காக எழுதவில்லை. இரண்டு பெண்கள் என் மேல் வைத்திருந்த மரியாதைக்கு நடுவில் இலங்கைச் சோசலிசக் குடியரசில் நான் இல்லாமல் போய்விட்டேன். மாவட்டக் கந்தோரான கச்சேரிக்குப் போனேன். இடாப்பு அத்தாட்சிப்படுத்தியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர். "ஆட்சேபனைக் காலத்தில நீங்க வந்திரிந்தீங்கதானே சேர்? வேற ஆக்கள்ட விசயமா" என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் குத்திக்காட்டவில்லை, நினைவு வைத்திருந்தார். அதுதான் கூடுதலாகக் குத்தியது.

கோபத்தில் கொழும்புக்கு மூன்று பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். நாட்டின் தேர்தல் முறையைச் சீர்திருத்தினால் போதாது, இடாப்பையும் சீர்திருத்த வேண்டும் என்று தொடங்கினேன். எங்கள் பகுதியில் ஆண்கள் கலியாணத்தோடு வீடு மாறுகிறார்கள். ஆகவே ஒருவரின் பெயர் புதிய இடத்தில் எழுதப்பட்டது என்று உறுதியாகும்வரை பழைய இடத்தில் அதை வெட்டக்கூடாது என்று சட்டம் வர வேண்டும். இதை மூன்று உதாரணங்களோடும் ஒரு வரைபடத்தோடும் விளக்கியிருந்தேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலைக்கூட நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

மாமிக்குத் தான் செய்த காரியம் விளங்கிய பிறகு நிம்மதியே இல்லை. தபாலில் வாக்காளர் அட்டைகள் வந்த மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். கறிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாக்காளர் அட்டை இருந்தது. சவூதிக்குப் போயிருந்த யாரோ ஒரு உறவுக்காரருடையது.

"என்ன மாமி இது?"

"அவர் அங்க இரிக்கார். காட் இஞ்ச சும்மாதானே கிடக்கு. நீங்க போடுங்க மருமகன்."

நல்ல மீன் கிடைக்காத நாளில் அடுத்த வீட்டில் கேட்டு வாங்கி வைப்பாரே, அந்த மாதிரித்தான் இதையும் வாங்கி வைத்திருந்தார். அது கள்ள வோட்டு என்றேன். பிடித்தால் மறியலில் அடைப்பார்கள், என் உத்தியோகமும் போய்விடும் என்றேன். கடமைக்காக முதல் நாளே இறக்காமத்துக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னேன். கடைசிக் காரணத்தை மட்டும் அவர் கருத்தில் எடுத்தார்.

"நீங்கதானே உள்ளுக்க இரிக்கப் போறீங்க. அங்கயே ஒண்டப் போட்டா என்ன?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஒரு நிமிடம் கூடுதலாகத்தான் எடுத்தேன்.

தேர்தல் அன்று இறக்காமத்துப் பாடசாலையில் எனக்குக் கிடைத்த வேலை மை பூசுவது. முந்திய நாள் யானை வந்து போன வயல்களைத் தாண்டி ஆட்கள் நடந்து வந்தார்கள். வயதுபோன மனிதர்கள் சேற்றுக் காலோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு சுண்டுவிரலாகப் பிடித்து மை பூசிக்கொண்டே இருந்தேன். ஒருவர் என் கையை உற்றுப் பார்த்தார். "உங்கட விரல்ல மையக் காணல்லயே வாத்தியார்?" என்று கேட்டார். தபால் வோட்டு என்று முணுமுணுத்தேன். அது பொய். அந்தப் பொய்யின் வெட்கத்தில்தானோ என்னவோ, வாக்கெடுப்பு முடிந்து சாமான்களைக் கட்டும்போது மைக்குப்பியில் என் சுண்டுவிரலையும் ஒருமுறை தோய்த்துக்கொண்டேன். நான் செய்த ஒரே தேர்தல் குற்றம் அது.

அடுத்த நாள் சலூனில் அந்த விரலைக் கொஞ்சம் தெரியும்படியாகவே வைத்துக்கொண்டு பத்திரிகை வாசித்தேன். சலூன்காரர் கத்தியை நிறுத்தினார்.

"சேர், கடமைக்குப் போறவங்க தபால்ல போடுற எண்டும், தபாலுக்கு மை பூச மாட்டாங்க எண்டும் நீங்கதானே சொன்னீங்க?"

ஆறு மாதம் நான் அந்தச் சலூனில் உட்கார்ந்து பாடம் நடத்தியதில் ஒரு பாடமாவது ஒருவர் மனதில் பதிந்திருக்கிறது என்று அன்று அறிந்துகொண்டேன். தலைமுடியை அடுத்த மாதம் கல்முனையில் வெட்டினேன். அந்த வருடக் கடைசியில் சர்வசன வாக்கெடுப்பு வந்தது. அதே இடாப்பு. அதிலும் நான் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படிவத்தை வேறு யாரும் தொட நான் விடவில்லை. விதானையார் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே பேனையோடு நிற்பேன். வருடங்கள் ஓடின. மாமா மௌத்தானார். மச்சான்மார் இருவரும் கலியாணம் முடித்துத் தங்கள் மனைவிமாரின் வீடுகளுக்குப் போனார்கள். அவர்களுடைய பெயர் அங்கே ஏறியதை நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வெட்டினேன். மாமி வீட்டை என் மனைவியின் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுத்தார். இளைய மகளுக்கென்று வேலிக்கு அப்பால் இன்னொரு வீடு கட்டத் தொடங்கினார். சுவர் எழும்பியதும், கூரை முழுதாக மூடாத அந்த வீட்டுக்குப் பாயோடும் தலையணையோடும் தனியாகப் போய்விட்டார். சீமெந்தும் மரமும் களவு போகாமல் பார்க்க வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். கொடுத்த வீட்டில் தொடர்ந்து படுத்திருப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை என்பதுதான் உண்மை. மூன்று நேரமும் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும்.

அந்த வருடம் படிவம் வந்தபோது முதல் வரியில், பிரதான குடியிருப்பாளர் என்ற இடத்தில், என் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினேன். அடுத்து மனைவி. அடுத்து, பதினெட்டு வயது தாண்டிவிட்ட அவளுடைய தங்கை.

"உம்மாட பேர்?" என்று கேட்டாள் மனைவி.

"அவ அந்த வீட்டுக்குப் போயிட்டாதானே. அங்க எழுதுவாங்க" என்றேன்.

இந்த வசனத்தை இன்னொரு வாயிலிருந்து கேட்டுக் கொதித்தவன் நான். இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்று சட்டமே வேண்டும் என மூன்று பக்கம் எழுதியவனும் நான்தான். என் வாயிலிருந்து வந்தபோது அது எனக்குக் கேட்கவே இல்லை. வேலிக்கு அப்பால் இருந்த வீட்டுக்கு இலக்கம் கிடையாது. கதவு இல்லாத வீட்டில் ஆள் இருக்கும் என்று விதானையார் நினைக்கவும் இல்லை. அவர் சைக்கிளை அடுத்த வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார்.

எண்பத்தெட்டிலும் எண்பத்தொன்பதிலும் தேர்தல்கள் வரிசையாக வந்தன. துவக்குச் சூட்டுச் சத்தம் கேட்காத கிழமை இல்லாத காலம். வோட்டுப் போடப் போவதற்கே துணிச்சல் வேண்டும். ஆனால் புதிய முறை வந்திருந்தது. ஒரு கட்சிக்குப் பெருக்கல் அடையாளமாய் ஒரு புள்ளடி, பிறகு அந்தக் கட்சியில் விரும்பிய மூவருடைய இலக்கங்களுக்கு மேல் மூன்று புள்ளடி. எனக்கு விடுமா? மறுபடியும் சலூனில் உட்கார்ந்து படம் கீறத் தொடங்கினேன். மூன்று விருப்பமா, சேர் முன்னேறிக்கொண்டுதான் போகிறார் என்றார்கள்.

முதல் தேர்தலுக்குத் தபால்காரர் அட்டைகளைக் கொண்டுவந்தார். மூன்று. நான் கையை நீட்டியபடியே நின்றேன்.

"அவ்வளவுதான் சேர்" என்றார்.

அட்டைகளைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டிப் போனேன். மாமி பலகையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் மறைந்து நிற்பதற்குக் கதவும் இல்லை, சேலையும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே இருந்தார். நடந்ததைச் சொன்னேன். என் பிழை என்றேன். அவர் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுக்கென்ன மருமகன். எனக்கு என்னத்துக்கு வோட்டு?"

நான் போகாமல் நின்றேன். அவரே மறுபடியும் கதைத்தார்.

"இவ்வளவு காலமும் மாமா சொன்ன ஆளுக்குத்தான் போட்டன். அவரும் போயிட்டார். இந்த முறதான் நானா ஒரு ஆளை நினைச்சி வெச்சிரிந்தன்."

என் வோட்டுப் போனபோது ஊரையே கூட்டி, கச்சேரியைக் கலக்கி, கொழும்புக்கு மனு எழுதினேன். இந்த மனுஷி ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஊருக்கெல்லாம் படிப்பிச்சிக் குடுக்கிறீங்களாமே, புதுசா மூணு புள்ளடி எண்டு" என்றார். "அது எப்பிடிப் போடுற? எனக்கும் சொல்லித் தாங்களன்."

சீமெந்துப் பையின் உள்தாளைக் கிழித்து வாக்குச்சீட்டு ஒன்று கீறினேன். மேலே கட்சிகளுக்குக் கட்டங்கள், கீழே இலக்கங்களுக்குக் கட்டங்கள். விளக்கினேன். இரண்டு தரம் சொல்ல வேண்டி வரவில்லை. என் பேனையை வாங்கினார். அந்தப் பக்கம் திரும்புங்கள் என்று கையால் காட்டினார். திரும்பிக்கொண்டேன். முடிந்தது என்றதும் பார்த்தேன். யாருக்குப் போட்டார் என்று நான் பார்க்கவில்லை, தாளை அதற்குள் நாலாக மடித்துவிட்டிருந்தார், நான் சலூனில் சொல்லிக்கொடுப்பதைவிட நேர்த்தியாக.

மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத எங்க மருமகன் போடுற?"

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.